என் ஊரில் எனக்கு நீல ஹெல்மெட்

“யக்கா, கலவ!”

சாரத்தின் மேலிருந்து குரல் வந்தது. இரும்புப் பாண்டில் சிமென்ட் கலவையை வாரி நிரப்பி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனேன். வழக்கமாகத் தலையில்தான் சுமப்பேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஹெல்மெட்டின் மேல் சும்மாடு நிற்குமா? வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால்தான் இடுப்பு.

மேலே நின்றவள் காஞ்சனா. என் வீட்டுக்காரருடைய தம்பியின் பெண்டாட்டி, என் ஓரகத்தி. அவள் தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் பளபளவென்று புதுக் கொத்துக்கரண்டி. கீழே நின்ற என் தலையில் நீல ஹெல்மெட், கையில் பாண்டு.

“சீக்கிரம் குடுக்கா. நின்னுக்கினே இருந்தா கலவ இறுகிடும்” என்றாள்.

கலவை இறுகிவிடுமாம். எனக்குச் சொல்கிறாள்! நான் கலவை சுமக்க ஆரம்பித்த காலத்தில் இவள் பண்ருட்டிப் பக்கம் பாவாடை சட்டையில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்திருப்பாள்.

பாண்டை மேலே நீட்டினேன். கொஞ்சம் வேகமாகவே நீட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முகத்தில் இரண்டு சொட்டு தெறித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவே ஆகாது.

பொறாமைதான், வேறென்ன

இந்தத் தொடரைப் படிப்பவர்கள், நான் இப்போது “மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது” என்று நாகரிகமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்கலாம். கஷ்டமெல்லாம் இல்லை. பொறாமை. வயிறு எரிந்தது. காலையில் பழைய சோறு சாப்பிட்டுப் போனால்கூட மத்தியானத்துக்குள் அந்த எரிச்சலிலேயே செரித்துவிடும்.

விஷயத்தைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், கோட்டை மலை நன்றாகத் தெரிகிற இடத்தில், கவர்மெண்ட் பணத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டினார்கள். கான்ட்ராக்டர் வெளியூர்க்காரர். அரசாங்கப் பணம் என்பதால் அவருக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வேலைக்கு எடுக்கும் ஆட்களில் பாதிப் பேர் செஞ்சி தாலுகாவில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். சித்தாளை மட்டும் உள்ளூரில் பிடித்து ஒப்பேற்ற முடியாது. கொத்தனார், கம்பி கட்டுபவர் என்று தொழில் தெரிந்தவர்களிலும் பாதி உள்ளூராகவே இருக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். எங்கள் ஊர் ஏரிக்கரை ரோட்டைக்கூட எங்கிருந்தோ லாரியில் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போக, எங்கள் ஆட்கள் டீக்கடையில் நின்று வேடிக்கை பார்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். எங்கள் ஊர்க் கொத்தனார்கள் ஊரில் இருந்தால்தானே? வல்லம், அனந்தபுரம், தொண்டூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கரண்டி பிடிக்கத் தெரிந்தவன் சென்னையில் இருப்பான், இல்லாவிட்டால் பெங்களூரில் இருப்பான். கான்ட்ராக்டர் தேடித் தேடி அலுத்துப்போய் ஒரு முடிவுக்கு வந்தார். உள்ளூர்ப் பெண்களை எடுத்து, சம்பளமும் கொடுத்து, கொத்தனார் வேலை கற்றுக்கொடுத்துவிடலாம்.

பெண் கொத்தனார்! இந்தச் சேதி என் காதில் விழுந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டிக்கொண்டு போனதே நான்தான்

அப்போது நாங்கள் சென்னையிலிருந்து திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு சென்ட்ரிங் வேலையில் முட்டி போய்விட்டது. பலகை தூக்கித் தூக்கியே தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். மாடி ஏற முடியாதவருக்குச் சென்னைக் கட்டடத்தில் என்ன வேலை? மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கொழுந்தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்கள் பங்கு வீடு பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து உட்கார்ந்தோம்.

இனிமேல் நான் ஒருத்தி சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும். அதையும் எத்தனை காலத்துக்குச் சித்தாளாகவே இருந்து சம்பாதிப்பது? இடுப்பு இரும்பா என்ன? கரண்டி என் கைக்கு வந்தால் வயசான பிறகும் பிழைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

காஞ்சனா வீட்டில் சும்மா இருந்தாள். வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கும் நாளில் மட்டும் காட்டுக்குப் போவாள். “நீயும் வாடி, துணைக்கு ஆச்சு” என்று நான்தான் கூப்பிட்டேன். “பயமா இருக்குதுக்கா” என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வந்தாள்.

தகர ஷெட்டில் மேசை போட்டு ஒரு சின்ன வயசு இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். கரூர்ப் பக்கத்துப் பையன், தங்கமான குணம். என் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, கார்டு பெருங்குடின்னு இருக்கே?”

“அங்க வேலைக்குப் போயிருந்தோம் சார். பொறந்தது, வளந்தது, கட்டிக்கினது எல்லாம் செஞ்சிதான்.”

“ஆதாரும் சென்னை. ஓட்டும் அங்கதான் இருக்கு.”

“அங்க ஓட்டுப் போட்டா ஊரு அங்க ஆயிடுமா சார்?”

“ரூல்ஸ்படி ஆயிடும்க்கா.”

“அப்போ இன்னிக்கே போயி மாத்திக்கினு வரேன்.”

“மாத்தினாலும் பிரயோஜனம் இல்லக்கா. வேலை ஆரம்பிச்ச தேதிக்கு முன்னாடியே இங்க விலாசம் இருந்திருக்கணும்.”

அடுத்து காஞ்சனாவின் கார்டு. பண்ருட்டியில் பிறந்து, கல்யாணம் ஆகி எங்கள் ஊருக்கு வந்தவள். இன்றைக்கும் நாங்கள் ‘இன்னா’ என்றால் அவள் ‘என்னா’ என்பாள். அவள் கார்டு செஞ்சி தாலுகா. இன்ஜினியர் சந்தோஷமாக ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து, மார்க்கரால் ‘காஞ்சனா’ என்று எழுதி நீட்டினார். அதிகாரிகள் வந்து பார்த்தால் ஒரு பார்வையில் தெரியட்டும் என்று உள்ளூர் ஆளுக்கு மஞ்சள், வெளியூர் ஆளுக்கு நீலம்.

“அக்கா, உங்களை வேணும்னா வெளியூர் ஆளா, சித்தாளா சேத்துக்கறேன்” என்று நீலத்தை எனக்குக் கொடுத்தார். அதில் பேர்கூட எழுதவில்லை.

செஞ்சி பீரங்கிமேட்டில் பிறந்த நான் வெளியூர். பண்ருட்டிக்காரி உள்ளூர். வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பேன். அடுப்பு நினைவுக்கு வந்தது. வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டேன்.

கார்டு போன கதை

கார்டு எப்படிப் பெருங்குடிக்குப் போனது? எல்லாம் அரிசியால் வந்த வினை.

இப்போதுபோல எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி அப்போது இல்லை. மாசா மாசம் செஞ்சிக்கு வந்து, ரேஷன் அரிசியை வாங்கி, பஸ்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். பக்கத்து சீட்டுக்காரர் காலை நீட்ட முடியவில்லை என்று முறைப்பார்.

ஒரு தடவை திண்டிவனம் தாண்டும்போது டிரைவர் ஒரு பிரேக் போட்டார் பாருங்கள், மூட்டை வாய் பிரிந்து பஸ் முழுக்க அரிசி. நான் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் சீட்டுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து வாரினோம். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா செருப்பைக் கழற்றி உதறி, அதிலிருந்த நாலு அரிசியையும் என் கையில் போட்டார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “மொதல்ல கார்ட மாத்தித் தொல” என்றார். மாற்றித் தொலைத்தோம்.

சென்னைக்குப் பிழைக்கப் போன எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்தார்கள். சோறு இருக்கிற இடத்தில் கார்டு இருந்தால் போதும், ஊர் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தோம். ஊர் அங்கேயேதான் இருந்தது. நாங்கள்தான் அதில் இல்லாமல் போய்விட்டோம்.

கரண்டி

கட்டட வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண் பிள்ளை ‘பெரியாள்’ என்ற பேரில் எடுபிடியாக வந்தால் சில வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். பெண் சித்தாளாக வந்தால் சித்தாளாகவே நரைப்பாள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அது அப்படித்தான்.

சென்னையில் ஒரு முறை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொத்தனார் கரண்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆசை தாங்காமல் எடுத்து, கலவை போட்டு, சில கல் வைத்துப் பார்த்தேன். திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் வைத்த கல்லைக் காலால் ஒரு தட்டுத் தட்டிக் கீழே தள்ளிவிட்டு, கரண்டியைத் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். நான் அந்தக் கல்லையெல்லாம் பொறுக்கி மறுபடி அவருக்கே எடுத்துக் கொடுத்தேன்.

அப்படிப்பட்ட கரண்டி காஞ்சனாவின் கைக்குப் பொசுக்கென்று வந்து சேர்ந்தது.

மலையைக் கட்டியவர்கள்

நீல ஹெல்மெட் கூட்டத்தில் எனக்குத் துணை ஜமுனா. ஒடிசாக்காரி. புருஷனோடு வந்து ஷெட்டில் தங்கியிருந்தாள். அரைகுறைத் தமிழில் கலகலவென்று பேசுவாள். முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில், “அக்கா, உன் ஊரு எங்கே?” என்று கேட்டாள்.

நான் எதிரே இருந்த மலையைக் காட்டி, “அதுக்கு அந்தாண்ட” என்றேன்.

அவள் என் நீல ஹெல்மெட்டைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த மலைமேல் கோட்டை இருக்கிறது. எத்தனையோ ராஜாக்கள் கட்டியது, இடித்தது, மறுபடி கட்டியது. ஞாயிற்றுக்கிழமையானால் சனம் படியேறிப் போய் செல்ஃபி எடுக்கிறது. கலவை சுமந்துகொண்டே நான் யோசிப்பேன். அந்தக் காலத்தில் கல் சுமந்தவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? பாதியாவது உள்ளூராக இருக்கட்டும் என்று எந்த ராஜாவாவது சொல்லியிருப்பானா? அப்போது மட்டும் என் முப்பாட்டியிடம் கார்டு கேட்டா கல்லைத் தூக்கச் சொன்னார்கள்?

இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் மேலேயிருந்து “யக்கா, கலவ!” என்று குரல் வரும்.

அம்மனும் கேட்கவில்லை

காஞ்சனா மக்காக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவளுக்கு வேலை வந்தது. அதுதான் கொடுமை. சொல்லிக்கொடுத்தவர் தங்கவேல் மேஸ்திரி, சேலத்துக்காரர். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது லேசில்லை. அவரே, “இந்தப் பொண்ணுக்குக் கை நிக்குது” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மலைமேல் அம்மனுக்கு விளக்குப் போடப் போனேன். வீட்டுக்காரர் முட்டிக்காக வேண்டிக்கொண்டேன். அப்புறம், காஞ்சனா வைக்கிற சுவர் கோணலாகப் போகட்டும் தாயே என்றும் வேண்டிக்கொண்டேன். அந்த ஒரு சுவர் மட்டும் போதும், பேராசை இல்லை.

மறுநாள் மேஸ்திரி, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டிய தூக்குக்குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டார். நான் பாண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். குண்டு ஆடி ஆடி அடங்கியது. நூலுக்கும் சுவருக்கும் மேலே எவ்வளவு இடமோ கீழேயும் அவ்வளவுதான் இருந்தது.

“நேராதான் இருக்குது” என்றேன். என் குரல் எனக்கே செத்த குரலாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு கச்சேரி. இவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “நம்ம காஞ்சனா செமயா வெக்கிறாளாமே! தம்பி சொன்னான். நம்ம குடும்பத்துலயே மொதோ கொத்தனாரு!” என்றார்.

“அப்போ ராத்திரி சோத்தையும் அந்தக் கொத்தனாரையே ஆக்கிப் போடச் சொல்லு” என்றேன்.

“ஏய் மலரு, இன்னாடி கோவம்? நான் இன்னா சொல்லிட்டேன்?”

அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

அமாவாசை

ஆடி அமாவாசை வந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகாத வீடு குறைவு. “யக்கா, ஒண்ணா போயிட்டு வரலாம்” என்று காஞ்சனா கூப்பிட்டாள். அவளோடு பஸ்ஸில் தோளுரசி உட்கார்ந்து, அவள் சுவர் கட்டிய கதையைக் கேட்டுக்கொண்டு போக என்னால் முடியாது. “எனக்கு வேல இருக்குது, நீ போ” என்றேன். அம்மனிடம் எனக்குப் பழைய வருத்தம் வேறு இருந்தது.

காலையில் சைட்டுக்குப் போனால் நீலமாக இருந்தது. ஒரு மஞ்சள் ஹெல்மெட்கூட இல்லை. இன்ஜினியர் ஓடி வந்தார்.

“அக்கா, என்ன ஆச்சு? உள்ளூர் ஆளுங்க ஒருத்தரும் வரலையே?”

“அமாவாச சார்.”

“அமாவாசைன்னா?”

“அமாவாசன்னா அமாவாசதான். எல்லாம் மலையனூருக்குப் போயிருப்பாங்க.”

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“உள்ளூரு சமாச்சாரத்த உள்ளூரு ஆளுங்களத்தானே சார் கேக்கணும்” என்றேன். விட்டுவிடுவேனா?

அவர் அதைக் கேட்கிற நிலைமையில் இல்லை. போன் வந்தது. மாவட்ட ஆபீஸிலிருந்து ஒரு மேடம் பார்வையிட வருகிறார், பாதி வழி தாண்டிவிட்டார். இன்ஜினியருக்கு வேர்த்துக் கொட்டியது. சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் கடைசியில் என்னைப் பார்த்தார்.

“அக்கா, நீங்க உள்ளூர்தானே?”

“இன்னா சார்?”

“பொறந்தது, வளந்தது எல்லாம் இங்கன்னு சொன்னீங்களே.”

“கார்டு பெருங்குடி சார்.”

“அக்கா, பிளீஸ்க்கா.” கையெடுத்துக் கும்பிடாத குறை. ஷெட்டுக்குள் ஓடி, ஆணியில் தொங்கியதில் கைக்கு வந்ததை எடுத்து வந்தார். மஞ்சள் ஹெல்மெட். அதில் ‘காஞ்சனா’ என்று எழுதியிருந்தது.

“இதப் போட்டுக்கிட்டு மேல ஏறி நில்லுங்க. ஒண்ணும் பேச வேணாம்.”

“கரண்டி இல்லாம நின்னா கொத்தனாருன்னு யாரு சார் நம்புவாங்க?”

இன்ஜினியர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தன் கரண்டியையே எடுத்துக் கொடுத்தார்.

ஹெல்மெட்டுக்குள் அவளுடைய தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேலே ஏறினேன். ஜமுனா கீழேயிருந்து கலவையை நீட்டினாள். போட்டேன். பரப்பினேன். கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினேன். கல் கலவைக்குள் மெத்தென்று இறங்கி உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை இத்தனை வருஷமாகக் கீழே நின்று கேட்டிருக்கிறேன். மேலே நின்று கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. யாரும் வந்து காலால் தட்டிவிடவில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரி போனேன். ஜீப் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

“நல்லா வெக்கிறீங்களே!” என்று குரல் கேட்டுத் திரும்பினேன். மேடம் சாரத்துப் பக்கத்திலேயே வந்துவிட்டார். ஹெல்மெட்டைப் படித்துவிட்டு, “காஞ்சனா. நல்ல பேரு. எந்த ஊரும்மா?” என்றார்.

“இதாங்க. அதோ அந்த மலைக்கு அந்தாண்ட, பீரங்கிமேடு.” நான் சொன்னதில் ஒரு எழுத்து பொய் கிடையாது.

“கத்துக்கிட்டு எத்தனை நாளாச்சு?”

“ரொம்ப வருஷம் ஆச்சுங்க.”

இன்ஜினியர் இருமினார். மேடம் சிரித்துவிட்டார். “ஆடி அமாவாசையாச்சே, உள்ளூர்க்காரங்க யாரும் வந்திருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன். எங்க டிரைவரே லீவு கேட்டாரு. நீங்க ஒருத்தர் வந்திருக்கீங்க பாருங்க!” என்று சொல்லி, போனை எடுத்து என்னைப் படம் பிடித்தார்.

இன்ஜினியர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த வேஷத்துக்கு அவசியமே இருந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஹெல்மெட்டையும் கரண்டியையும் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காஞ்சனா எனக்குக் குங்குமம் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

போர்டு

கொஞ்ச நாள் கழித்து, ரோட்டோரம் சைட் வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள். மேலே ‘உள்ளூர் மக்களுக்கே வேலை’ என்று கொட்டை எழுத்து. நடுவில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, கரண்டியோடு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் என் மூஞ்சி. கீழே ‘காஞ்சனா, பெண் கொத்தனார், செஞ்சி’.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அதைப் பார்த்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் எதிரே நின்றது.

“யக்கா, இது நீதான?”

“மூஞ்சி நான்தான்.”

“பேரு என்னுத போட்டிருக்காங்க?”

“அதான் படிச்சியே.”

“என்னாக்கா இது? எங்கம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினா, கல்யாணம் கட்டிக் குடுத்த பொண்ணு இப்பிடி ஆயிட்டாளான்னு ஒப்பாரி வெக்கும்!”

“ஏண்டி, என் மூஞ்சிக்கு இன்னா கொற?”

சண்டை போட்டுக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைந்தோம். அவளுக்குப் படத்தை மாற்ற வேண்டும். எனக்குப் பேரை மாற்ற வேண்டும். இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மேடமே அடிச்சு அனுப்பினது, அதுல கை வெக்க முடியாது. வாசக்கால் வெக்கிற அன்னிக்கு மறுபடி வராங்க. அந்தம்மா வேலை செய்யறதப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க.”

“எந்தம்மா?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவர் போர்டு இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! “அப்போ என் கையில கரண்டியக் குடுங்க. பேருதான் இல்ல, தொழிலாவது இருக்கட்டும்” என்றேன்.

“அக்கா, உங்க கார்டு...”

“போர்டுல மாட்டும்போது கார்டு கேட்டீங்களா சார்?”

ஷெட் மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி குறுக்கே வந்தார். “உள்ளூரு பாதின்னா வெளியூரு பாதின்னு ஒண்ணு இருக்குதில்ல? நானே அதுலதான இருக்கேன். அந்தப் பாதியில ஒரு கொத்தனாரா இந்தம்மாவச் சேத்தா எவன் கேக்கப் போறான்?”

இன்ஜினியர் விழித்தார். இத்தனை நாளும் இது யாருக்குமே தோன்றவில்லை. வெளியூர் ஆள் என்றால் தொழிலை முன்பே கற்றுக்கொண்டுதான் வருவான், அவனுக்கு எதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். கான்ட்ராக்டருக்கு போன் போட்டுப் பேசினார். அரை மணி நேரத்தில் ஒரு புதுக் கரண்டி என் கையில் இருந்தது. தலையில் அதே நீலம்தான். போகட்டும். தலையில் என்ன கலர் இருந்தால் என்ன, கை என்னுடையது.

வெளியே வந்தால் காஞ்சனாவைக் காணோம். தேடிப் போனேன். அமாவாசையன்று நான் வைத்த வரிகள் எவை என்று யாரிடமோ கேட்டு, அவற்றோரம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. குண்டு ஆடிக்கொண்டிருந்தது. அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது. என்ன வேண்டுகிறாள் என்று எனக்கா தெரியாது? வார்த்தை பிசகாமல் என்னால் கூடவே சொல்ல முடியும்.

குண்டு அடங்கியது. அவள் நூலை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பினாள், என்னைப் பார்த்துவிட்டாள்.

“நேராத்தான்க்கா இருக்குது” என்றாள். அவள் குரலும் செத்துத்தான் போயிருந்தது.

அவளை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது அன்றைக்குத்தான். “வாடி, வெயில் ஏறறதுக்குள்ள அடுத்த வரியப் போட்டுறலாம்” என்றேன். இரண்டு பேரும் சாரத்தில் ஏறினோம். அவள் அந்த முனையிலிருந்து, நான் இந்த முனையிலிருந்து. நூல் கட்டினோம். கல்லை நனைத்தோம்.

கீழே குனிந்து, “ஜமுனா, கலவ!” என்றேன். என்னையும் அறியாமல், “சீக்கிரம் குடு, இறுகிடும்” என்றும் சொல்லிவிட்டேன்.

ஜமுனா பாண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். நிமிர்ந்து என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பாண்டை நீட்டினாள். கொஞ்சம் வேகமாகவே நீட்டினாள். என் முகத்தில் இரண்டு சொட்டு தெறித்தது.

முந்தானையால் துடைத்துக்கொண்டேன். சிரிக்கவில்லை.